கதிர்ப்பைக் கண்ணால் காணும் கல்வி வன்னிக்கு எப்போது கிட்டும்?

க.பொ.த உயர்தரப் பௌதிகவியல் பாடத்திட்டத்தின் இறுதி அலகில் கதிர்த்தொழிற்பாடு இடம்பெற்றுள்ளது. அல்பா, பீற்றா, காமா என்னும் மூவகைக் கதிர்களின் இயல்புகளையும் எமது மாணவர்கள் மனனம் செய்கின்றனர். அரைவாழ்வுக் காலத்தைக் கணிக்கின்றனர். அல்பாத் துணிக்கையின் பாதையை விடைத்தாளில் நேர்கோடாக வரைந்து புள்ளிகளும் பெறுகின்றனர். ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் அத்தகைய பாதை ஒன்றைத் தமது கண்ணால் கண்ட மாணவர் எத்தனை பேர் என்று வினவினால், திருப்தியான பதிலை எதிர்பார்க்க முடியாது. காணாத ஒன்றைக் கண்டதாக எழுதுவதே இங்கு கல்வியாகிவிட்டது.

கதிர்ப்பைக் காண்பதற்குப் பெரும் ஆய்வுகூடமோ அணு உலையோ தேவையில்லை. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சி.ரி.ஆர். வில்சன் என்ற விஞ்ஞானி 1894ஆம் ஆண்டு பென் நெவிஸ் மலையுச்சியில் முகில்களும் ஒளியும் சேர்ந்து நிகழ்த்திய காட்சிகளைக் கண்டு, அவற்றை ஆய்வுகூடத்தில் உருவாக்க முயன்றார். அந்த முயற்சியே முகில் அறையாக வளர்ந்து, 1911இல் துணிக்கைகளின் பாதைகளை முதன்முறையாகப் படம்பிடிக்க உதவியது. அதற்காக 1927இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. 1932இல் அமெரிக்காவின் கார்ல் அன்டர்சன் நேர்மின் ஏற்றமுள்ள இலத்திரனைக் கண்டுபிடித்ததும் முகில் அறையின் துணையுடனேயே ஆகும்.

வகுப்பறைக்கு ஏற்ற எளிய வடிவம் பின்னர் உருவானது. ஒளிபுகும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றின் மேற்பகுதியில் கம்பளித் துண்டை ஒட்டி, அதனை ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைக்க வேண்டும். பாத்திரத்தின் கறுப்பு நிற அடித்தகட்டை உலர்பனிக்கட்டியின் மீது வைக்க வேண்டும். திண்ம நிலையிலுள்ள காபனீரொட்சைட்டே உலர்பனிக்கட்டி எனப்படுகின்றது. அதன் வெப்பநிலை மறை 78 பாகை செல்சியஸ் ஆகும். மேலிருந்து இறங்கும் அற்ககோல் ஆவி அடியில் கடுங்குளிரை அடைந்து, ஒடுங்குவதற்குத் தருணம் பார்த்து நிற்கும். அவ்வேளை மின்னேற்றமுள்ள துணிக்கை ஒன்று அதனூடாகப் பாய்ந்தால், அது சென்ற வழியெங்கும் அயன்கள் தோன்றும். அயன்களைச் சுற்றி ஆவி நுண்துளிகளாக ஒடுங்கும். அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் ரோச் லைற்றைப் பிடித்தால் வெண்ணிற நூலிழைகள் தோன்றி மறைவதைக் காணலாம். தடித்துக் குறுகிய இழை அல்பாவினுடையது. மெலிந்து வளைந்து நெளிவது பீற்றாவினுடையது. நீண்டு நேராக ஓடுவது பெரும்பாலும் அண்டவெளிக் கதிர்களால் வளிமண்டலத்தில் பிறந்த மியூவோனினுடையது.

இவற்றைக் காண்பதற்குக் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பது இங்கு முக்கியமானது. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் பரப்பினூடாகவும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவோன் கடந்து செல்கின்றது. விரித்த உள்ளங்கையொன்றை நிமிடத்துக்கு நூறளவில் அவை ஊடுருவுகின்றன. பாடப்புத்தகத்தில் எங்கோ தொலைவில் உள்ள அணு உலைக்குரியதாகத் தோன்றும் கதிர்ப்பு தனது உடலினூடாகவும் எந்நேரமும் செல்கின்றது என்பதை மாணவன் அந்தக் கணத்தில் உணர்கின்றான்.

கைகர் எண்ணி ஒன்று கிடைக்குமாயின் செயன்முறைகள் மேலும் விரிவடையும். விவசாய மாவட்டங்களான எமது பிரதேசத்தில் எம்.ஓ.பி. எனப்படும் பொட்டாசிய உரம் அறியாத பிள்ளை இல்லை. இயற்கையிலுள்ள பொட்டாசியத்தின் ஒரு சிறு பங்கு, பத்தாயிரத்தில் ஒன்றளவு, கதிர்த்தொழிற்பாடுடைய பொட்டாசியம்–40 ஆகும். உரப்பையின் அருகே எண்ணியை வைத்தால் அதன் ஓசை விரைவுபடுவதைக் கேட்கலாம். அதே பொட்டாசியம் மனித உடலிலும் உண்டு; வளர்ந்த ஒருவரின் உடலில் ஒவ்வொரு செக்கனும் சுமார் 4,000 பொட்டாசிய அணுக்கள் தேய்வடைகின்றன.

பலூன் செயன்முறை இன்னும் சுவையானது. ஊதிய இறப்பர் பலூனைக் கம்பளியில் நன்கு தேய்த்து மின்னேற்றி, காற்றோட்டமற்ற களஞ்சிய அறையில் ஒரு மணி நேரம் தொங்கவிட வேண்டும். நிலத்திலிருந்து வெளிப்படும் றேடன் வாயுவின் தேய்வில் தோன்றும் நுண்துணிக்கைகள் அதன் மீது படியும். பின்னர் காற்றை வெளியேற்றி எண்ணியின் அருகே வைத்தால் எண்ணிக்கை உயர்ந்து, சுமார் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் பாதியாகக் குறையும். ஈரப்பதன் மின்னேற்றத்தைக் குறைத்துவிடும் என்பதால் வன்னியின் வரட்சிக் காலமே இதற்கு உகந்தது. அரைவாழ்வுக் காலத்தின் வரைபைத் தாமே பெற்ற அளவீடுகளைக் கொண்டு வரைந்த மாணவனுக்கு அது ஒருபோதும் மறக்காது.

போரால் நொந்துபோன, குடிநீருக்கும் போக்குவரத்துக்கும் இன்னமும் போராடும் மக்களின் பிள்ளைகளுக்கு முகில் அறை எதற்கு என்ற கேள்வி எழக்கூடும். நியாயமான இக்கேள்விக்குரிய பதில் விஞ்ஞான ஆர்வம் என்பதற்குள் மாத்திரம் அடங்கிவிடவில்லை. கதிர்ப்பு பற்றி முடிவெடுக்க வேண்டிய நிலையில் இப்பிரதேச மக்கள் பல முனைகளிலும் நிறுத்தப்பட்டுள்ளனர் என்பதே உண்மை.

முதலாவது, கடலுக்கு அப்பாலுள்ள அணுமின் நிலையம். தமிழ்நாட்டின் கூடங்குளம் மன்னாரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. அங்கு முதலாவது உலை 2013இலும் இரண்டாவது 2016இலும் இயங்கத் தொடங்கின. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் நிகழ்ந்த விபத்தைத் தொடர்ந்து இடிந்தகரை மக்கள் நடத்திய போராட்டம் இக்கரையிலும் அச்ச அலைகளைத் தோற்றுவித்தது. விபத்து நேர்ந்தால் என்னவாகும், மீன் உண்ணலாமா என்ற வினாக்களுக்கு அரசியல்வாதிகள் தத்தமது தேவைக்கேற்பப் பதில் கூறினர். இலங்கையும் 2015 பெப்ரவரியில் இந்தியாவுடன் சிவில் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டது. அணுமின் உற்பத்திக்கான நாட்டின் தயார்நிலையை ஆராயும் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழுவொன்று 2022 ஏப்ரலில் இங்கு வந்து சென்றது. நாளை இத்தீவில் அணுமின் நிலையம் அமைப்பது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கப்படுமாயின், கருத்துக் கூறுவோர் எதனை அடிப்படையாகக் கொள்வர்?

இரண்டாவது, காலடியிலுள்ள மணல். முல்லைத்தீவின் கொக்கிளாய்க்கு அடுத்துள்ள புல்மோட்டையின் கனிய மணலில் இல்மனைற், ரூற்றைல், சேர்க்கன் ஆகியவற்றுடன் தோரியம் அடங்கிய மொனசைற்றும் சிறிதளவு உண்டு. முஸ்லிம், தமிழ் மீனவக் குடும்பங்கள் பரம்பரையாக வாழும் இக்கரையோரத்தில் மணல் அகழ்வும் அதற்கான காணி எடுப்பும் நீண்டகாலச் சர்ச்சையாக உள்ளன. மணலால் நோய் வருமென ஒருவர் சொல்ல, ஒன்றும் வராதென மற்றவர் சொல்கின்றார். அளந்து பார்த்துச் சொல்பவர் ஊரில் இல்லை. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையோரத்தில் மொனசைற் மிகுந்த மணல் காரணமாக இயற்கைக் கதிர்ப்பு உலக சராசரியைவிடப் பன்மடங்கு உயர்வாக உள்ளது. அங்கு வீடு வீடாக அளந்து, மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2009இல் வெளியான ஆய்வு, அதன் காரணமாகப் புற்றுநோய் மிகையாகக் காணப்படவில்லை எனத் தெரிவித்தது. அந்த முடிவு கொக்கிளாய்க்கும் புல்மோட்டைக்கும் பொருந்தும் என்று கூறுவது எமது நோக்கமன்று. வதந்தியை விடுத்து அளவீட்டின் மீது நின்று பேசினால் எதிர்ப்புக்கும் வலுவுண்டு, அமைதிக்கும் ஆதாரமுண்டு என்பதே நாம் சுட்டிக்காட்ட விரும்புவது.

மூன்றாவது, வைத்தியசாலை. முன்னர் புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சைக்கு மகரகமவுக்குச் செல்ல வேண்டியிருந்த வன்னி நோயாளர்கள், 2013இல் திறக்கப்பட்ட தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையை இப்போது நாடுகின்றனர். மக்கள் வழக்கில் ‘கரண்ட் பிடித்தல்’ எனப்படும் இச்சிகிச்சை பற்றிய பீதி இன்னமும் அகலவில்லை. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சப்படும் சிகிச்சையைப் பெற்றவரின் உடலிலிருந்து பிறருக்குக் கதிர் பரவுவதில்லை. இதனை அறியாமல் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் தாயிடம் பேரக் குழந்தைகளை அண்ட விடாத குடும்பங்கள் உண்டு. உட்செலுத்தும் கதிர் அயடீன் போன்ற சில சிகிச்சைகளுக்கு மாத்திரம் சில நாட்கள் முன்னெச்சரிக்கை தேவை. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அறிந்த பிள்ளை ஒன்று வீட்டிலிருந்தால், அந்தத் தாய்க்கு அதுவே பாதி ஆறுதல்.

அச்சம், அலட்சியம் ஆகிய இரண்டுமே அறியாமையின் பிள்ளைகள். காட்சிக்குப் புலப்படாத ஆபத்து என்பது வன்னிப் பிள்ளைகளுக்குப் புதியதன்று. மண்ணுக்குள் மறைந்திருக்கும் மிதிவெடியைப் பற்றி அவர்கள் பாடசாலையிலேயே கற்றனர். மண்டையோட்டுச் சின்னம் பொறித்த சிவப்புப் பலகையைக் கண்டால் விலகி நிற்கவும், வெடிபொருள் அகற்றுவோரின் கருவி ஒலியெழுப்பினால் அதன் பொருள் என்னவென்று புரிந்துகொள்ளவும் பழகினர். இலங்கை 2017இன் இறுதியில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. கண்ணிவெடி அகற்றலுக்கான காலக்கெடு 2028 வரை உள்ளது. மிதிவெடி அபாயக் கல்வி பல உயிர்களைக் காத்தமைக்குக் காரணம், அது வெறும் அச்சத்தை ஊட்டாமல் எங்கே ஆபத்து, எங்கே ஆபத்தில்லை என்று பிரித்தறியக் கற்பித்தமையே ஆகும். கதிர்ப்பு விடயத்திலும் வேண்டப்படுவது அந்தப் பிரித்தறியும் ஆற்றலே.

ஆய்வுகூட வசதியின்மை என்பது வன்னியைப் பொறுத்தவரை நேற்று வந்த குறைபாடன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. மின்கலம் இன்றி மின்னியல் படித்து, போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பரீட்சைக்கு ஆயத்தமான தலைமுறை ஒன்று இங்குண்டு. அதே 1990இன் ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் பிள்ளைகள் புத்தளத்தின் அகதி முகாம்களிலும் இரவல் வகுப்பறைகளிலும் கற்க நேர்ந்தது. போர் முடிந்தபின் நீராவிப்பிட்டி போன்ற தமது ஊர்களுக்குத் திரும்பியோர் பாடசாலைகளை ஏறத்தாழ முதலிலிருந்தே கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. தடையாலும் வெளியேற்றத்தாலும் இரு சமூகங்களின் பிள்ளைகளும் இழந்த விடயங்களுள் செயன்முறைக் கல்வியும் ஒன்றாகும்.

பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படும் 5 வீத இடங்களில் வன்னி மாவட்டங்களுக்கும் பங்குண்டு. வசதியீனத்தை அரசே ஒப்புக்கொண்டுள்ளது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் வெட்டுப்புள்ளியில் சலுகை வழங்குவதுடன் கடமை முடிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது. சலுகையால் பல்கலைக்கழகத்தினுள் நுழையும் மாணவன் அங்குள்ள ஆய்வுகூடத்தில் கருவியை முதன்முறையாகக் காண்கின்றான். ஏனைய மாவட்ட மாணவர்களுக்கு அது பழகிய கருவி. இந்த இடைவெளியை எந்த வெட்டுப்புள்ளியாலும் நிரப்பிவிட முடியாது.

உயர்தரப் பௌதிகவியலுக்குத் தனியான செயன்முறைப் பரீட்சை இல்லை என்பதும் இந்நிலைக்கு ஒரு காரணமாகும். செயன்முறை அறிவு வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்கள் மூலமே சோதிக்கப்படுகின்றது. கருவியைத் தொடாமலே அவ்வினாக்களுக்கு விடையெழுதும் உத்தியைத் தனியார் கல்வி நிலையங்கள் கற்பித்துவிடுகின்றன. விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை, யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் பயணித்து வரும் ஆசிரியர்களின் களைப்பு, பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய அவசரம் ஆகியன ஒன்றுசேரும்போது ஆய்வுகூட அலுமாரி பூட்டியபடியே இருப்பதில் வியப்பில்லை. இதற்கு ஆசிரியரை மாத்திரம் குறைகூறுவது நீதியாகாது.

கதிர்த்தொழிற்பாட்டு ஆய்வின் வரலாற்றில் இத்தீவுக்கு இடமுண்டு என்பதையும் எமது மாணவர்கள் அறிய வேண்டும். கலை வரலாற்று அறிஞராகவே பெரிதும் அறியப்படும் ஆனந்த குமாரசுவாமி அடிப்படையில் ஒரு புவிச்சரிதவியலாளர். இலங்கையின் கனியவள ஆய்வுப் பிரிவின் முதலாவது பணிப்பாளர். அவர் அப்பதவியிலிருந்த காலத்தில், 1904இல், சப்ரகமுவப் பகுதியில் கிடைத்த தோரியனைற் என்ற கனியம் உலகுக்கு அறிமுகமானது. அந்த இலங்கைக் கனியத்திலிருந்து பெற்ற பொருளை இலண்டனில் ஆராய்ந்தபோதே, பிற்காலத்தில் அணுப்பிளவைக் கண்டுபிடித்த ஒட்டோ ஹான் 1905இல் ‘ரேடியோதோரியம்’ என்ற புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டறிந்தார். அவ்வாறே, கண்ணால் கண்டு சோதித்த பின்னரே ஏற்றுக்கொள்வது என்ற நெறியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருட்டறையில் ஒளியை ஆராய்ந்து நிலைநிறுத்தியவர் பஸ்றாவில் பிறந்த இப்னு அல்ஹைதம். இருட்டறையில் முகில் அறையைச் சூழ்ந்து நிற்கும் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் இந்த இரு மரபுகளுக்கும் உரிமையாளர்கள்.

உலகின் ஏனைய பகுதிகளில் இத்தகைய கல்வி வேரூன்றி வருகின்றது. ஆசிய பசுபிக் பிராந்தியத்தின் இடைநிலைப் பாடசாலைகளில் அணு விஞ்ஞானத்தைச் செயன்முறையாகக் கற்பிக்கும் முயற்சியைச் சர்வதேச அணுசக்தி முகவரகம் முன்னெடுத்தது. இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய நாடுகளில் பரீட்சார்த்தமாக மேற்கொள்ளப்பட்ட இம்முயற்சி, 2018இல் 10 இலட்சம் மாணவர்களைச் சென்றடையும் இலக்குடன் விரிவாக்கப்பட்டது. இலங்கையும் அதில் பங்கேற்றது. அதன் பயன் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளுக்கு, குறிப்பாக வன்னிக்கு, எந்தளவு வந்து சேர்ந்தது என்பதைக் கல்வி அமைச்சும் இலங்கை அணுசக்தி சபையும் பகிரங்கப்படுத்த வேண்டும்.

நடைமுறை இடர்பாடுகளை நாம் மறைக்க விரும்பவில்லை. உலர்பனிக்கட்டி கொழும்பிலிருந்து வரவேண்டும். வழியிலேயே பெருமளவு ஆவியாகிவிடும். மீன்வாடிகளில் கிடைக்கும் சாதாரண ஐஸ்கட்டியுடன் உப்பைக் கலந்தாலும் மறை 20 பாகையளவே கிடைக்கும், அது போதாது. எனினும் மின்சாரத்தால் குளிரூட்டும் பெல்ரியர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெப்பம் வெளியேறும் பக்கத்தை ஐஸ் நீரால் தணித்தால் தேவையான குளிரைப் பெறலாம். இதற்கான ஐஸ் முல்லைத்தீவில் தாராளமாக உண்டு. கருவியை வடிவமைக்கும் ஆற்றல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்ட வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. பல்கலைக்கழகம் தமது ஊருக்கு வந்ததன் பயனை அயலிலுள்ள பாடசாலை மாணவன் உணர்வதற்கு இதைவிடச் சிறந்த வாய்ப்பு எது?

பாதுகாப்புப் பற்றிய ஐயமும் எழலாம். இச்செயன்முறைகளில் உண்மையான ஆபத்து கதிர்ப்பினால் வருவதன்று. அற்ககோல் தீப்பற்றக் கூடியது என்பதும் உலர்பனிக்கட்டியை வெறுங்கையால் தொடலாகாது என்பதுமே கவனிக்கப்பட வேண்டியவை. கையுறையும் காற்றோட்டமும் ஆசிரியரின் மேற்பார்வையும் இருந்தால் போதுமானது.

எனவே சில விடயங்களை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். வன்னியின் ஒவ்வொரு கல்வி வலயத்துக்கும் முகில் அறையும் கைகர் எண்ணிகளும் கொண்ட நடமாடும் கருவித் தொகுதி ஒன்றேனும் வழங்கப்பட வேண்டும். ஒரு பாடசாலைக்கு ஒரு நாள் என்ற முறையில் அது சிறிய பாடசாலைகளுக்கும் செல்ல வேண்டும். ஆசிரியர்களுக்கான பயிற்சியும் கையேடும் தமிழில் அமைய வேண்டும். இவற்றை ஒட்டிய வினா ஒன்று பரீட்சை வினாத்தாளில் இடம்பெறத் தொடங்கினால், பூட்டிய அலுமாரிகள் தாமாகவே திறக்கும். அத்துடன் கொக்கிளாய், புல்மோட்டை, முல்லைத்தீவு, மன்னார் கரையோரங்களின் தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகள் இணைந்து தத்தமது ஊரின் இயற்கைக் கதிர்ப்பு அளவைப் பதிவுசெய்து பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் திட்டமொன்றும் ஆரம்பிக்கப்படலாம். புகுஷிமா விபத்தின் பின் ஜப்பானியப் பொதுமக்கள் தாமே கருவிகளைச் செய்து ஊர் ஊராக அளந்து வெளியிட்டனர். அளவீடு அனைவருக்கும் பொதுவானது. அதில் இனமோ மதமோ இல்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. வகுப்பறைச் செயன்முறை அணுமின் நிலையத்துக்கான விளம்பரமாக மாறிவிடலாகாது. கதிர்ப்பு எங்கும் இருக்கின்றது, ஆகவே எதற்கும் அஞ்ச வேண்டாம் என்று கூறுவது அரை உண்மையாகும். அளவும் வகையும் காலமுமே தீங்கைத் தீர்மானிக்கின்றன. மறுபுறம் ஒவ்வொரு கதிரையும் மரண தூதனாகச் சித்திரிப்பதும் மாணவனுக்குச் செய்யும் அநீதியே. செர்னோபில் விபத்து 1986 ஏப்ரல் 26இல் நிகழ்ந்தபோது சோவியத் அரசு மௌனம் காத்தது. இரண்டு நாட்களின் பின்னர் ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில், ஊழியர் ஒருவரின் காலணியில் படிந்திருந்த கதிர்த்தொழிற்பாட்டைக் கருவி காட்டிக்கொடுத்ததையடுத்தே உண்மை உலகுக்குத் தெரியவந்தது. வல்லரசு மறைத்ததை ஓர் எண்ணி வெளிப்படுத்தியது.

அரசுகளும் கம்பனிகளும் ஆயுதம் தாங்கியோரும் கூறியவற்றைச் சரிபார்க்க வழியின்றி நம்பியும் நம்பாமலும் வாழ்ந்து பழகிய மக்கள் வன்னி மக்கள். அவர்களது பிள்ளைகளின் கையில் அளந்தறியும் கருவியையும் அதனை வாசிக்கும் அறிவையும் கொடுப்பது ஒரு பாட அலகைப் பூர்த்திசெய்யும் கருமமாக மாத்திரம் கருதப்படலாகாது. கூடங்குளம் பற்றியோ கொக்கிளாய் மணல் பற்றியோ நாளை யாரேனும் வந்து ஒரு கதை சொன்னால், அளந்து காட்டுங்கள், நாமும் அளக்கின்றோம் என்று கேட்கும் தகுதி அவர்களுக்கு வேண்டும். அந்தத் தகுதியை வழங்குவதற்கான செலவு மிகச் சொற்பம். அதனை வழங்காமல் விடுவதற்கு இனியும் காரணம் தேடுவது பொறுப்பானவர்களுக்கு அழகல்ல.